தரான்லேர்ந்து அப்பாவுக்கு, குக்குரி வாங்குன கதை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். போன்ல இதைச் சொல்ல ஆரம்பிச்சா பாதியிலயே அம்மாகிட்ட குடுத்துர்றீங்க, அதான் எழுதுறேன். நேபாளம் வந்து எட்டு மாசம் ஆச்சு, கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சதைத் தவிர பெரிய மாத்தம் இல்லன்னு சொன்னேன்ல, அது பொய். சனிக்கிழமைதான் இங்க லீவு, ஞாயித்துக்கிழமை காலையில கணக்குப் பாடம் எடுக்குற கொடுமை இன்னும் பழகல.

லீவு நாள்ல ஸ்கூல் ஆளுங்க கூட பேடேடார் மலைக்குப் போவோம், 1,400 மீட்டர் ஒசரம் இருக்கும், ராத்திரி விறகு வெட்டித் தீ போடாம உக்கார முடியாது. அதுக்குன்னு காத்மாண்டு போனப்ப டூரிஸ்ட் கடை ஒண்ணுல 12 இஞ்ச் குக்குரி, அதான் இந்த ஊரு வளைஞ்ச கத்தி, வாங்குனேன், பளபளன்னு, பிடியில பித்தளை சிங்கம் வேற. மூணாவது வெட்டுலயே பிடி ஆட ஆரம்பிச்சிருச்சு. சயின்ஸ் சார் வாங்கிப் பாத்துட்டு இதை செவுத்துல மாட்டுங்கன்னு சிரிச்சார். நீங்க கடையில அருவாளை வாங்குனதும் மொதல்ல கண்ணை மூடிக் கையில தூக்கிப் பாப்பீங்கல்ல, நான் சிங்கத்தைப் பாத்தேன்.

அப்புறம் அவரே தரான் பக்கத்துல ஒரு பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனார், அதை இங்க ஆரன்னு சொல்றாங்க. போனா அதே கரி வாடை, அதே லாரி வில் பட்டை, நம்ம திருப்பாச்சேத்தியில நிக்கிற மாதிரியே இருந்துச்சு. ஆனா துவைச்சல் போடுறது, அதான் காய்ச்சுன இரும்பைக் கெட்டியாக்குறது, வேற மாதிரி. நம்மாளு காய்ச்சுன இரும்பைத் தண்ணிக்குள்ள முக்குவார், இவர் டீ கெட்டில்ல தண்ணி எடுத்து வெட்டுவாய் ஓரமா மட்டும் நூல் பிடிச்ச மாதிரி ஊத்துறார், சுர்ருன்னு ஆவி, அந்த ஓரம் மட்டும் கறுக்குது, முதுகுப் பக்கம் சிவப்பு கொஞ்ச நேரம் அப்படியே நிக்குது. வாய் கெட்டியாகி முதுகு மிருதுவா இருக்குறதால ஓங்கி வெட்டுனாலும் ஒடையாதாம்.

எது வேணும்னு கேட்டார். சிருபாத்தேன்னு ஒண்ணு, ஒல்லியா, புல் எலை மாதிரி, பாக்க அதுதான் அழகு, புதர் கழிக்க ஆகும். விறகு பொளக்குறதுக்கு வயிறு பெருத்த போஜ்பூரே ஜாதிதான், வளைவுக்கு முன்னாடி எடை இருக்கு, கை ஓங்குனா போதும் அதுவா விழுது. அதையே 10 இஞ்ச்ல எடுத்தேன், மொதல் குக்குரிக்கு அதுக்கு மேல நீளம் வீண், மணிக்கட்டு வலிக்கும். எரும கொம்புப் பிடி நம்மூரு வெயில்ல வெடிச்சிரும்னு ஈட்டி மரப் பிடியா கேட்டேன், இரும்பு கடைசி வரைக்கும் ஓடி ரெண்டு பக்கமும் மரத்தை வச்சு ஆணி அடிச்சது, பானாவல்னு பேரு. பிடி நடுவுல மோதிரம் மாதிரி ஒரு மேடு போடுறது இங்க வழக்கம், அது விரலுக்கு நடுவுல உரசிக் கொப்புளம் போட்டுரும், வேணாம்னு சொல்லிட்டேன். விலை 2,400, பயப்படாதீங்க நேபாள ரூபாய், நம்ம காசுல 1,500.

பிடிகிட்ட வாய்ப் பக்கம் ஒரு சின்ன வெட்டு இருக்கும், சிவன் சூலம்ங்கிறான் ஒருத்தன், பசு குளம்புங்கிறான் இன்னொருத்தன், பிசின் பிடிக்கு வழியாம இருக்கத்தான்னு மூணாவது ஆளு. உருவுனா ரத்தம் காட்டாம உறையில வைக்கக் கூடாதுன்னு நம்மூருல கதை விடுவாங்கல்ல, சும்மா. இங்க பாட்டிமாரு அதுலதான் காய் நறுக்குறாங்க.

கத்தி உங்க கைக்கு வந்ததும் ஒண்ணு மட்டும் கவனம்ப்பா. உருவும்போது உறையை முதுகுப் பக்கமாத்தான் பிடிக்கணும், விரல் வாய்ப் பக்கம் சுத்தி இருந்தா கத்தி உறை மரத்தைக் கிழிச்சிட்டு விரலுக்கு வந்துரும். நான் அப்படிப் பிடிச்சதுக்கு சயின்ஸ் சார் கையிலயே ஒண்ணு போட்டார். தம்பிகிட்ட இப்போதைக்குக் குடுக்காதீங்க.

உறையிலயே ரெண்டு குட்டிக் கத்தி சொருகியிருக்கும், கூரா இருக்குறது கர்தா, மழுங்கல் சக்மக், அதை வச்சு வாயைத் தீட்டிக்கலாம். கர்தா அம்மாவுக்கு. தசைன் லீவுல, அதான் இங்கத்த தசரா, வரும்போது பெரிய லக்கேஜ்ல போட்டுக் கொண்டாறேன், கைப்பையில விடமாட்டான். துருப் பிடிக்காம இருக்க இங்க கடுகெண்ணெ தடவுறாங்க, அந்த வாடை அம்மாவுக்கு ஆகாது, நீங்க தேங்காண்ணெயே தடவிக்கங்க.

உங்கள் மகன்