தியலும மேல் தடாகங்களுக்குச் செல்லும் பாதையில் வழிகாட்டிப் பலகைகள் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தியலும நீர்வீழ்ச்சியின் மேல் தடாகங்களைப் பார்க்கச் செல்வோர் பெருகிவிட்ட போதிலும், அங்கு செல்லும் ஒற்றையடிப் பாதைகள் பிரியும் இடங்களில் ஒழுங்கான வழிகாட்டிப் பலகைகள் இல்லாதது குறித்துத் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன். சென்ற மாத விடுமுறை நாளொன்றில் என் தங்கையின் பிள்ளைகள் இருவரையும் அழைத்துச் சென்று, வழி தவறி, மானாப்புல்லுக்குள் இரண்டு மணித்தியாலம் அலைந்தவள் என்ற முறையிலேயே இதை எழுதுகிறேன்.

220 மீற்றர் உயரமான தியலும, பம்பரகந்தவிற்கு அடுத்தபடியாக இலங்கையின் இரண்டாவது உயர்ந்த நீர்வீழ்ச்சியாகும். கொஸ்லந்தைக்கும் வெல்லவாயவுக்கும் இடையில் பிரதான வீதியில் நின்றே அதைப் பார்த்துவிடலாம். ஆனால் குளிக்கவும் இளைப்பாறவும் மக்கள் தேடிச் செல்லும் தடாகங்கள் மலைக்கு மேலே இருக்கின்றன. அவற்றுக்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, கீழே வீதியிலிருந்து இறப்பர் மரங்களுக்கிடையே செங்குத்தாக ஏறுவது. மற்றது, பூனாகலைப் பக்கமாக மக்கல்தெனியவுக்கு வந்து அங்கிருந்து இறங்குவது. இதனால் "தியலுமவுக்கு எப்படிப் போவது?" என்று கேட்பவருக்கு ஒருவர் ஒரு வழியையும் இன்னொருவர் வேறொரு வழியையும் சொல்கிறார்கள். இரண்டும் சரியான பதில்களே என்பது முதன்முறை வருபவருக்குத் தெரிவதில்லை. எங்கள் கைத்தொலைபேசி வரைபடமும் நீர்வீழ்ச்சியின் அடியைத்தான் காட்டியது.

நாங்கள் மக்கல்தெனியவிலிருந்து நடந்தோம். ஆளுயர மானாப்புல்லுக்கு நடுவே பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் அகலமான பாதையே சரியானதாக இருக்கும் என்று நம்பி அதில் போனோம். அது மாடுகள் மேய்ச்சலுக்குப் போய்வரும் பாதை என்பது பிறகுதான் தெரிந்தது. தண்ணீர்ச் சத்தம் நெருங்க நெருங்கப் பிள்ளைகள் உற்சாகமாக முன்னே ஓடினார்கள். மூத்தவன் புல்லை விலக்கியபோது அவன் காலுக்கு நேர் கீழே, வெகு ஆழத்தில், வீதியில் நின்றிருந்த பஸ்ஸின் கூரை தெரிந்தது. அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்த என் கை வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தது.

வந்த வழியும் தெரியாமல் தடுமாறிய எங்களை, விறகு கட்டிக்கொண்டிருந்த தோட்டத்து அம்மா ஒருவர் கண்டு, கட்டை இறக்கி வைத்துவிட்டுத் தடாகம் வரை கூட்டிச் சென்றார். "தண்ணிச் சத்தத்தக் கேட்டுப் போகாதீங்கம்மா, அது பாறையில பட்டு எல்லாப் பக்கமும் கேக்கும், கால் பட்டுத் தேஞ்ச கல்லப் பாத்துப் போங்க" என்று அவர் சொன்னதை, அங்கு போக விரும்பும் ஒவ்வொருவருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். செய்த உதவிக்கு அவர் எதையும் வாங்க மறுத்துவிட்டார்.

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை இருக்கத்தான் செய்தது. அதில் சிங்களமும் ஆங்கிலமும் மட்டுமே இருந்தன. சுற்றியுள்ள தோட்டங்களில் வாழ்வோர் பெரும்பாலும் தமிழர்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. ஆகவே மும்மொழிப் பலகைகளைப் பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் நட்டு, தடாகம் எந்தப் பக்கம், மலை விளிம்பு எந்தப் பக்கம் என்று தெளிவாக எழுத வேண்டும். தடாகத்தருகே வெயில் அடிக்கும்போதே மேலே பூனாகலைப் பக்கம் பெய்யும் மழையால் ஓடையில் நீர் திடீரெனப் பெருகக்கூடும் என்ற எச்சரிக்கையும் அவற்றில் இருக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மண்சரிவைக் கண்ட பகுதி இது என்பதால், மழைக்காலம் முடிந்ததும் பாதைகளை நடந்து பார்த்துப் பலகைகளைச் சரிசெய்யும் பொறுப்பையும் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பலகைகள் வந்தால் வழிகாட்டிகளாகப் பிழைக்கும் தோட்டத்து இளைஞர்களின் வருமானம் குறையும் என்று சிலர் சொல்லக் கேட்டேன். நான் அப்படி நினைக்கவில்லை. எந்தப் பாறை வழுக்கும், எந்த நேரத்தில் திரும்ப வேண்டும் என்பதை எந்தப் பலகையும் சொல்லாது. அதற்கு அவர்கள்தான் வேண்டும். பலகைகளை நடுவதையும் பராமரிப்பதையும் அவர்களிடமே கூலிக்கு விடலாம்.

ஒக்டோபர் மழை தொடங்குமுன், மானாப்புல்லுக்குள் பாதை பிரியும் அந்த இடத்திலாவது முதல் பலகையை நடுமாறு உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
பண்டாரவளை.