ஒரு சொம்புத் தங்கம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. களத்தில் இருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. முழங்கால் தேறி மறுபடி நுண்ணோக்கி முன்னால் உட்கார ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் மனசு லேசானது. கடைசி வரியில் கேட்டிருந்தாய், அந்தக் குன்றில் தங்கம் இருக்கிறதா இல்லையா என்று. இருக்கிறது. என் விரலால் தொட்டுப் பார்த்தேன். ஆனால் அது சுரங்கம் ஆகாது என்று போன வாரம்தான் உறுதியானது. இதை முழுசாகக் கேட்கும் பொறுமை உனக்குத்தான் உண்டு என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

எல்லாம் ஓடையில் தொடங்கியது. வளைவுகளின் உள்பக்கத்தில் சேரும் சரளையை அள்ளித் தட்டில் அரித்தேன். வெள்ளை மணலாகக் கிடக்கும் குவார்ட்ஸ் என்ற கனிமத்தைவிடத் தங்கம் ஏழு மடங்கு கனம். அதனால் வெள்ளை மணல் எல்லாம் தண்ணீரோடு போன பிறகு, கருமணலின் வாலில் இரண்டு மூன்று மஞ்சள் துகள்கள் தங்கின. எண்ணிக்கையைவிட அவற்றின் உருவம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. ஓரங்கள் கிழிந்தாற்போல் கரடுமுரடாக இருந்தன, ஒன்றில் குவார்ட்ஸ் ஒட்டியிருந்தது. நெடுந்தூரம் உருண்டு வந்த பொன் மழுங்கித் தட்டையாகிவிடும். இது பக்கத்திலிருந்துதான் வந்திருக்கிறது. நூறு நூறு மீட்டராக மேலே ஏறினேன். ஒரு சிறு கிளை ஓடையைத் தாண்டியதும் துகள்கள் அடியோடு நின்றுவிட்டன. அந்தக் கிளையின் தலைப்பில்தான் குன்று.

அப்புறம் குன்றின் மண்ணில் மாதிரிகள் எடுத்தேன். தங்கத்தை மட்டும் நம்பாமல் ஆர்சனிக்கையும் அளந்தேன். தங்கம் துகளாகச் சிதறிக் கிடப்பதால் ஒரு குழியில் அகப்படும், அடுத்ததில் அகப்படாது. தங்கத்தோடு கூடவே வரும் ஆர்சனோபைரைட் (இரும்பு, ஆர்சனிக், கந்தகம் சேர்ந்த கனிமம்) சிதைந்து வரும் ஆர்சனிக் மண்ணில் ஒரே சீராகப் பரவுவதால் வரைபடத்தில் தெளிவான பட்டை விழும். விழுந்தது. அதன் குறுக்கே அகழி வெட்டினோம். இரண்டாம் அகழியில் நரம்பு, அதாவது பாறைப் பிளவில் குவார்ட்ஸ் நிரம்பிய பட்டை, வெளிப்பட்டது.

அதை நீ பார்த்திருக்க வேண்டும். பாறை இரு பக்கமும் நழுவித் தேய்ந்த ஒரு பட்டை. அதன் நடுவில் ஏறக்குறைய அரை மீட்டர் அகலத்துக்குக் குவார்ட்ஸ். உடைத்துப் பார்த்தால் வெள்ளைக்கு நடுவே காகிதம் காகிதமாகக் கறுப்புக் கீற்றுகள், எல்லாம் பக்கப்பாறையின் சிம்புகள். பிளவு ஒரே தடவையில் திறந்து நிரம்பியது என்றால் இப்படி வராது. 1988-இல் நிலவியலாளர் ரிச்சர்ட் சிப்சனும் சகாக்களும் சொன்ன வால்வுக் கதையை நாம் விடிய விடியப் பேசியது நினைவிருக்கிறதா? ஆழத்தில் சூடான திரவம் அழுத்தம் ஏறிக் காத்திருக்கும். நிலநடுக்கம் பிளவைத் திறக்கும். திரவம் மேலே பாயும்போது அழுத்தம் சட்டென்று விழும், குவார்ட்ஸ் படிந்து வாய் மூடும், மறுபடி அழுத்தம் ஏறும். ஒவ்வொரு கறுப்புக் கீற்றும் அப்படி ஒரு முறை திறந்து மூடியதன் தழும்பு. ஓரிடத்தில் முப்பத்தொன்று வரை எண்ணினேன்.

2024-இல் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட சோதனையைப் படித்தாயா? தங்கம் கரைந்த திரவத்தில் குவார்ட்ஸைப் போட்டு, நிலநடுக்கம் போல அதிர வைத்திருக்கிறார்கள். அழுத்தத்தில் குவார்ட்ஸ் உண்டாக்கும் மின்னழுத்தத்தால் அதன் மேல் தங்கம் படிந்திருக்கிறது. ஏற்கெனவே படிந்திருந்த துகள்மேல் இன்னும் சுலபமாகப் படிந்திருக்கிறது. பெரிய கட்டிகள் ஏன் குவார்ட்ஸ் நரம்பில் கிடைக்கின்றன என்பதற்கு இது அழகான விளக்கம். எங்கள் குன்றுக்கு இது பொருந்துமா என்று கேட்டால், முழு விடை ஆகாது என்றே நினைக்கிறேன். எங்கள் தங்கம் பெரும்பாலும் குவார்ட்ஸின் நடுவில் இல்லை, கறுப்புக் கீற்றின் ஓரத்தில் சல்ஃபைடோடு (கந்தகம் சேர்ந்த கனிமங்களோடு) ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி நான் சறுக்கிய இடம். முதல் மாதிரியாகக் கண்ணுக்குப் பொன் தெரிந்த துண்டுகளைத்தான் பொறுக்கி அனுப்பினேன். டன்னுக்கு 38 கிராம் என்று வந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. மீதிப் பொடியிலிருந்து இன்னொரு பங்கை அனுப்பினேன், 2 கிராம்! ஆய்வகத்தின் மேல் தப்பில்லை. ஈய ஆக்சைடோடு உருக்கிப் புடம்போட அவர்கள் எடுப்பது 30 கிராம் பொடி. கணக்குப் போட்டுப் பார். ஒரு மில்லிமீட்டர் கனசதுரத் தங்கம் 19.3 மில்லிகிராம். அது அந்த 30 கிராமுக்குள் விழுந்தால் விடை டன்னுக்கு 640 கிராமைத் தாண்டும். விழாவிட்டால் ஒன்றுமே இல்லை. அதன்பிறகு நரம்பின் முழு அகலத்துக்கும் வாய்க்கால் போல வெட்டிப் பெரிய மாதிரிகள் எடுத்தோம். ஒரு கிலோ பொடியைச் சலித்து, சல்லடையில் நின்ற கரட்டுப் பொடி முழுவதையும் தனியாகப் புடம்போட வைத்தோம். எண்கள் அடங்கின, சராசரி 5 கிராம். பூமியின் மேலோட்டில் ஒரு டன் பாறைக்குச் சராசரியாகச் சில மில்லிகிராம் தங்கம்தான் என்று நினைத்தால் இது ஆயிரம் மடங்குக்கு மேல் திரண்ட செல்வம். குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நரம்பு ஆழத்தில் எப்படிப் போகிறது என்று பார்க்க ஐந்து துளைகள் போட்டோம். விடை அங்கேதான் இருந்தது. பிளவு ஆழம் போகிறது, தங்கம் அதோடு போகவில்லை. மேலே பிளவு வெட்டுவது ஆம்ஃபிபோலைட் என்ற கரும்பாறையை. அதில் இரும்பு நிறைய. திரவத்தில் தங்கத்தைத் தூக்கி வருவது கந்தகம். அந்தக் கந்தகத்தை இரும்பு பிடித்துப் பைரைட் ஆக்கிக்கொண்டால், சுமப்பவன் இல்லாமல் தங்கம் அங்கேயே படிந்துவிடும். ஐம்பது மீட்டருக்குக் கீழே ஆம்ஃபிபோலைட் முடிந்து கிரானைட் வருகிறது. துளையிலிருந்து உருளையாக எடுத்த பாறையில், அதாவது கோரில், அந்த எல்லையைப் பார்த்த நாளை மறக்க மாட்டேன். அதே பிளவு, அதே குவார்ட்ஸ், ஆனால் விரல் அகலம், சல்ஃபைடு இல்லை, தங்கம் ஆய்வகக் கருவிக்கே எட்டவில்லை. பக்கவாட்டிலும் அப்படித்தான், நூறு மீட்டரில் கரும்பாறை ஓய்ந்துவிடுகிறது.

ஆக நூறு மீட்டர் நீளம், ஐம்பது ஆழம், அரை மீட்டர் அகலம். ஏறத்தாழ 6,600 டன் பாறை, 33 கிலோ தங்கம். ஒன்றாக உருக்கி ஊற்றினால் 1.7 லிட்டர், ஒரு சொம்பு அளவு. 33 கிலோ குறைவா என்று நீ கேட்பாய். அரை மீட்டர் அகலத்தை மட்டும் வெட்டி எடுக்க முடியாது. ஆள் நின்று வேலை செய்ய ஒரு மீட்டராவது வேண்டும். அப்போது வெறும்பாறை பாதி கலந்து 5 கிராம் இரண்டரை ஆகிவிடும். இந்த ஒரு சொம்புக்காகக் கிணறு போல் இறக்கி, தண்ணீர் இறைத்து, அரவை வைத்து, சயனைடைக் கையாண்டு, ஆர்சனிக் கலந்த கழிவை அந்த ஓடையின் தலைமாட்டிலேயே காலத்துக்கும் காவல் காக்க வேண்டும். வேண்டாம் என்றே எழுதினேன்.

உடன் இருந்த இளைஞர் ஒருவர், இடம் தேறவில்லை என்றான பிறகு கோர்ப் பெட்டிகள் எதற்கு என்றார். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. 1997-இல் அம்பலமான இந்தோனேசியாவின் புசாங் தங்க மோசடியில் என்ன நடந்தது? கோரில் பாதியை எடுத்து வைக்காமல் ஏறக்குறைய முழுவதையும் நொறுக்கினார்கள். பொடியில் வெளியிலிருந்து தங்கம் கலந்தது தெரியவந்தபோது திரும்பிப் பார்க்கப் பாறை அநேகமாக மிஞ்சவில்லை. அங்கேயும் துகளின் உருவம்தான் காட்டிக்கொடுத்தது, ஆற்றுத் தங்கம் போல மழுங்கியிருந்தது. எங்கள் பாதிக் கோர்கள் எல்லாம் ஆழம் குறித்துப் பத்திரமாக இருக்கின்றன. தங்கம் வராத துளைகளையும் வந்த துளைக்குச் சமமாக எழுதி வைத்திருக்கிறேன். கிரானைட்டில் அது ஏன் நின்றது என்பதற்குச் சாட்சி அவைதான்.

உனக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். நுண்ணோக்கியில் பார்க்க மெருகேற்றிய எட்டுப் பாறைச் சீவல்களைத் தனிப் பெட்டியில் அனுப்புகிறேன். மூன்றாவதை முதலில் பார். ஆர்சனோபைரைட் படிகத்தின் விரிசலில் தங்கம் நூல் போல ஓடுகிறது, ஆனால் விரிசலே இல்லாத நடுப்பகுதியிலும் ஒரு சிறு புள்ளி தெரிகிறது. படிகத்தோடு சேர்ந்தே வந்ததா, அல்லது பின்னால் வந்த இரண்டாம் திரவத்தின் வேலையா? என் கண்ணுக்கு இரண்டும் போலத் தெரிகிறது. உன் கண் என்ன சொல்கிறது என்று எழுது. ஏழாவது சீவலின் ஒரு மூலை உடைந்திருக்கிறது, எடுக்கும்போது விரல் ஜாக்கிரதை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்