பயண லாரிக்கு எந்தப் பாடி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான்கு சக்கரமும் இழுக்கும் லாரிகளை நடமாடும் வீடாக மாற்றிக்கொண்டு லடாக், ஸ்பிதி வரை சென்றுவரும் இளைஞர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். திருச்செங்கோட்டில் முப்பது ஆண்டுகள் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை நடத்தியவன் நான். கட்டில் எந்தப் பக்கம், அடுப்பு எந்தப் பக்கம் என்று விரிவாக எழுதிய கட்டுரையாளர், வீடாகும் அந்தப் பெட்டி, சேசிஸ் எனப்படும் லாரியின் அடிச்சட்டத்தின் மேல் எப்படி உட்கார வேண்டும் என்பதை ஒரு வரியில்கூடத் தொடவில்லை. என் அனுபவத்தில், பாடியைத் தேர்ந்தெடுக்கும் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

லாரியின் சேசிஸ் ஏணி வடிவிலானது. கரடுமுரடான தடத்தில் முறுகிக்கொடுப்பது அதன் இயல்பு. முன் இடது சக்கரமும் பின் வலது சக்கரமும் ஒரே நேரத்தில் மேட்டில் ஏறினால், சேசிஸின் முன்பாதி ஒரு புறமும் பின்பாதி மறுபுறமும் சாயும். பாரம் ஏற்றும் திறந்த பாடி தானும் சற்று முறுகும் என்பதால், இடையில் மரக்கட்டை கொடுத்து, யூ (U) வடிவில் வளைந்த யூ போல்ட்டால் சேசிஸோடு இறுக்கிவிடுவது எங்கள் வழக்கம். ஆறு பக்கமும் மூடிய பெட்டி அப்படி வளைந்துகொடுக்காது. ஒருமுறை நானே பழக்கதோஷத்தில் ஒரு பயணப் பெட்டியை யூ போல்ட் போட்டு இறுக்கி அனுப்பினேன். ஸ்பிதி போய்த் திரும்பிய அந்த வண்டியில் கதவு நிலை கோணலாகி, கூரை மூலையில் விரிசல் விட்டு, மெத்தை வரை தண்ணீர் இறங்கியிருந்தது. பிழை முழுக்க என்னுடையது.

ஐரோப்பியர் இதற்குப் பல வழிகள் கண்டிருக்கிறார்கள். நன்றாக முறுகும் சட்டம் கொண்ட ஊனிமாக் (மெர்சிடிஸ் பென்ஸின் கரடுமுரடான தடத்துக்கான லாரி) போன்ற வண்டிகளில் மூன்று புள்ளிகளிலோ, சாய்சதுர வடிவில் நான்கு புள்ளிகளிலோ பெட்டியைத் தாங்கி, சில புள்ளிகளைச் சுழலும்படி விடுகிறார்கள். வேறு சில வண்டிகளில், பெட்டிக்கும் சேசிஸுக்கும் இடையே வரும் துணைச்சட்டத்தின் பின்பகுதியை இறுக்கிவிட்டு, முன்பகுதிப் போல்ட்டுகளுக்குச் சுருள்வில் கொடுக்கிறார்கள். சேசிஸ் முறுகும்போது துணைச்சட்டம் சற்றே எழும்பி, மறுபடி அமர்ந்துகொள்ளும். 1976 முதல் ஜெர்மன் ராணுவத்துக்கு வந்த, மான் (MAN) நிறுவனத்தின் காட் (KAT) லாரியின் அடிச்சட்டமோ முறுகாத பெட்டிக்குழல் அமைப்பு. அதில் இந்தச் சிக்கலே பெரிதாக எழாது. எனவே வண்டி எது என்று தெரியாமல் பாடி எது என்று முடிவு செய்வது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவதற்குச் சமம்.

பொருளைப் பொறுத்தவரை, மலிவு என்று கருதிப் பலர் பழைய கப்பல் கன்டெய்னரை நாடுகிறார்கள். 20 அடிக் கன்டெய்னர் வெறுமையாகவே இரண்டு டன்னுக்கு மேல் எடை உள்ளது. இரும்புச் சுவர் வெயிலையும் குளிரையும் அப்படியே உள்ளே விடும். சதுரக் குழாயில் சட்டம் கட்டி அலுமினியத் தகடு ரிவெட் அடிப்பது எங்களுக்குக் கைவந்த வேலைதான். ஆனால் உறைகுளிரில் அந்தக் குழாய்கள் ஓடும் இடமெல்லாம் உள்ளே தூங்குபவர்களின் மூச்சே நீராகப் படியும். குளிர்சாதன லாரிகளுக்குப் பயன்படும், இருபுறமும் ஃபைபர் தகடும் நடுவே வெப்பத்தைத் தடுக்கும் பஃப் (PUF) நுரையும் கொண்ட பலகைகளே இதற்கு ஏற்றவை என்பது என் கருத்து. உள்ளே உலோகம் ஓடாததால் குளிர் எளிதில் ஊடுருவாது. மூலைகளை ஒட்டும் வேலையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

எடையையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். 300 லிட்டர் தண்ணீர் என்றால் 300 கிலோ. அதை இரு ஆக்சில்களுக்கும் நடுவே தாழ்வாக வைப்பது நல்லது. கூரையில் ஸ்டெப்னியை ஏற்றுவது சாய்வான மலைத்தடத்தில் ஆபத்து. பெட்டி பின் ஆக்சிலைத் தாண்டி அதிகம் நீண்டால், ஓடையில் இறங்கி ஏறும்போது வால் தரையில் இடிக்கும். ஜெர்மனியில் பலர் ஓட்டுநர் உரிமத்தை எண்ணி 7.5 டன்னுக்குள் கட்டப் பாடுபடுகிறார்கள்; நம் சட்டத்திலும் இலகுரக வாகனத்தின் எல்லை 7,500 கிலோதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. பயண வீட்டு வண்டிகளுக்கென ஏ.ஐ.எஸ். 124 என்ற தரவிதியும் உள்ளது. இரும்பு வாங்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது.

பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும் நாளில் வாடிக்கையாளர் ஒரு சோதனையை வற்புறுத்திக் கேட்க வேண்டும். முன் இடது சக்கரத்தையும் பின் வலது சக்கரத்தையும் ஓர் அடி உயரக் கட்டைகளில் ஏற்றி நிறுத்தி, கேபினுக்கும் பெட்டிக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்து, அந்த நிலையிலேயே கதவையும் ஜன்னல்களையும் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். கதவு சிக்கினால் மீதிப் பணத்தைக் கொடுக்காமல் வண்டியைப் பட்டறையிலேயே விட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாடி கட்டுநர்,
திருச்செங்கோடு.