டெல்டாவின் கோடைக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் பிறந்தால் ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும் என்றான பிறகு, மலை வேண்டாம், தஞ்சாவூர்ப் பக்கம் நாலு நாள் வசதியாகத் தங்கலாம் என்று வருகிற குடும்பங்களை நான் நிறையப் பார்க்கிறேன். 22 ஆண்டுகளாகத் திருச்சி விமான நிலையத்துக்கும் டெல்டாவுக்கும் இடையே சுற்றுலா கார் ஓட்டுகிறேன். ஆற்றங்கரை ரிசார்ட், பழைய பங்களாவைப் புதுப்பித்த ஹெரிடேஜ் ஓட்டல் என்று ஓர் இரவுக்கே பத்தாயிரம், பதினைந்தாயிரம் கொடுத்துத் தங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் என் வண்டியில் ஏறுகிறார்கள். அவர்களுக்குப் போட்டுக் கொடுக்கிற பயணத் திட்டங்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன மே மாதம் நடந்தது. கோயம்புத்தூர்க் குடும்பம், பாட்டி, மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். ஒரு சுற்றுலா நிறுவனம் போட்ட அட்டவணை என் வாட்ஸாப்புக்கு வந்தது. காலை 11 மணிக்குப் பெரிய கோயில், மதியம் கங்கைகொண்ட சோழபுரம், 3 மணிக்குத் தாராசுரம், இருட்டுவதற்குள் தரங்கம்பாடி. "நேரம் சரிப்படாது சார்" என்று சொன்னேன். பணம் கட்டியாச்சு, போட்டபடியே போவோம் என்றார் மகன். செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனவர்கள் இருபது நிமிஷத்தில் திரும்பிவிட்டார்கள். பாட்டியை மகன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே, ஐம்பது காசு அகலத்துக்குக் கொப்புளம். பின்சீட்டில் உட்கார வைத்து, கேனில் இருந்த தண்ணீரைக் காலில் ஊற்றினேன். "பாக்கோணும்னு அறுபது வருசமா நெனச்சிட்டிருந்தேன் கண்ணு, நிமிந்தே பாக்கல" என்றார். 1010இல் ராஜராஜன் கட்டி முடித்த கோயில், 216 அடி விமானம். அவ்வளவு தூரம் வந்தும் அந்த அம்மாவால் தரையைத்தான் பார்க்க முடிந்தது. கங்கைகொண்ட சோழபுரம் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியிருந்தது.

இங்கே கோடைக்குத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் நேரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான கோயில்களில் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். பதினோரு மணிக்கு மேல் ஊர்க்காரர்களே திண்ணையை விட்டு இறங்குவதில்லை. விடிகாலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை, மாலை ஐந்துக்கு மேல், அப்புறம் இரவு. பார்க்க வேண்டியதெல்லாம் இதற்குள் அடங்கும். நடுப்பகலைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் விட்டுவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கோயில் போதும். தாராசுரத்தில் மாலை ஐந்தரைக்கு வெயில் சாயும்போது அந்தக் கல் சக்கரத்துப் பக்கம் உட்கார்ந்தவர்கள் எழுந்து வர மனசில்லாமல் வருவதைப் பார்த்திருக்கிறேன்.

விளையாட்டு என்று கேட்டால் ஓட்டல்களில் நீச்சல் குளத்தைக் காட்டுகிறார்கள். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று அதற்குள் ஐந்து ஆற்றைத் தாண்ட வேண்டும். ஐந்தரைக்குச் சைக்கிளில் கிளம்பினால் ஏழு மணிக்குள் புஷ்ய மண்டபப் படித்துறையில் காலை நீட்டி உட்காரலாம். தண்ணீர், பஞ்சர் பை, குளுக்கோஸ் எல்லாம் வைத்துக்கொண்டு நான் பின்னாலேயே காரில் மெதுவாக வருவேன். நாலைந்து குடும்பங்களை இப்படிக் கூட்டிப் போயிருக்கிறேன். சென்னையிலிருந்து வந்த ஒரு பெண், பதினாலு வயசு இருக்கும், ஒவ்வொரு பாலத்திலும் சைக்கிளை நிறுத்தி "இதுவும் காவிரியா அங்கிள்?" என்று கேட்டது. "இதுவும் காவிரித் தண்ணிதாம்மா, பேர்தான் வேற" என்றேன். ஐந்தாவது பாலத்தில் அதுவே தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தது.

மே மாதத்தில் அந்த ஐந்திலும் மணல்தான் இருக்கும். அதைச் சொல்லாமல் ஆற்றங்கரை வாசம் என்று விளம்பரம் செய்வது தப்பு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள். தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று, நாலு நாள் ஆகும். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே காவிரியைத் தண்ணீரோடு பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அறை போடுவதற்கு முன்னால் அணையின் நீர்மட்டத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கல்லணையில் மதகு தூக்குகிற அன்றைக்கு நெல்லும் பூவும் தூவுவார்கள். புதுத் தண்ணீர் சருகும் நுரையுமாக மணலை நனைத்துக்கொண்டு வருவதைக் கரையில் நின்று ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். ஆனால் விருந்தாளிகளைக் குளிக்க இறக்கும்போது உள்ளூர்க்காரர் ஒருவர் கூடவே இருக்கட்டும். மணல் அள்ளிய பள்ளம் தண்ணீருக்குள் தெரியாது. மதகுப் பக்கம் போகவே கூடாது.

தண்ணீர் வரும்வரை அந்த மணலில் காலையில் பிள்ளைகள் வாலிபால் ஆடுவார்கள். இரவானால் ஊருக்கு ஊர் மின்னொளி கபடி நடக்கும். வெளியூர்க்காரருக்கு நாற்காலி போட்டு உட்கார வைக்கிற ஊர்கள்தான் எல்லாம்.

இயற்கை பார்க்க வருகிறவர்களுக்கும் உண்மையைச் சொல்லித் திட்டம் போட வேண்டும். கோடியக்கரையில் பூநாரைகள் பனிக்காலத்துக்குத்தான் கூட்டமாக வரும். மே மாதத் துண்டுப் பிரசுரத்தில் பூநாரைப் படம் போட்டுக் கூட்டிவந்தால் பிள்ளைகள் ஏமாந்து போகிறார்கள். வெளிமான் உண்டு, அதைச் சொல்லலாமே. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கி, விடிந்ததும் படகேற வேண்டும். கோரையாற்றில் இரண்டு பக்கமும் மரம் கவிந்து நிற்க, காயல் திறக்கிற இடம் வந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

பாரம்பரியம் என்றால் கோயிலோடு முடிந்துவிடுவதில்லை. சுவாமிமலையில் ஒரு பட்டறையில் ஸ்தபதி தென்னை ஓலைக் கீற்றை உள்ளங்கையில் வைத்து மடித்து மடித்துச் சிலைக்கு அளவு எடுப்பதைப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசுவார். ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதத்திலும் காவிரி அந்தப் பட்டறைக்குள் இருக்கிறது. பார்த்துவிட்டுச் சும்மா வரக்கூடாது, அவர் நேரத்துக்குக் காசு கொடுக்க வேண்டும். ஓட்டல் அதைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடலாம். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடைகிற வீடுகளுக்கும் இதேதான்.

இரவைப் பற்றியும் யாரும் நினைப்பதில்லை. மே மாதத்தில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி மெலட்டூரில் பாகவத மேளா நடக்கும். ஆண்களே பெண் வேடமும் கட்டி, விடிய விடிய ஆடுவார்கள். சித்திரை விழாவில் திருவையாற்று ஐயாறப்பர் ஏழூர்ப் பல்லக்கில் புறப்படுவார். எங்கள் கண்டியூரும் அந்த ஏழில் ஒன்று. பல்லக்கு வருகிற அன்று வாசலில் பானை பானையாக நீர்மோரும் பானகமும் வைத்திருப்போம், யார் வந்தாலும் குடிக்கலாம். அந்தத் தேதிகளில் பக்கத்து ஓட்டலிலேயே தங்கியிருப்பவர்களுக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாமல் போகிறது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. அவ்வளவு காசு கொடுத்துத் தஞ்சாவூர் வந்தவர்களுக்கு பஃபேயில் பனீர் பட்டர் மசாலாவும் நூடுல்ஸும் இருக்கிறது. இட்லிக்குக் கும்பகோணம் கடப்பா ஊற்றினால் என்ன? பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் தேங்காயும் அரைத்துவிட்டு, சோம்பு மணக்கக் கொதிக்கிற அந்தக் குழம்பை இங்கே வந்துதானே சாப்பிட வேண்டும். திருவையாற்று அசோகா அல்வா இளஞ்சூட்டில் இலையில் விழ வேண்டும். நாகப்பட்டினத்து மீன், பித்தளை டபராவில் டிகிரி காபி, கொழுந்து வெற்றிலை என்று எத்தனை இருக்கிறது! இரண்டாம் சரபோஜி காலத்து அரண்மனைச் சமையல் குறிப்புகளைச் சரசுவதி மகால் நூலகமே அச்சிட்டிருக்கிறது. அதிலிருந்து வாரத்துக்கு இரண்டு பதார்த்தம் செய்து பார்க்க எந்த ஓட்டலாலும் முடியும். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் சமைக்கிற தவசுப்பிள்ளைகளை மாதத்துக்கு நாலு நாள் கூப்பிட்டு, வாழை இலை போட்டு, எதற்குப் பின் எது என்று அவர்கள் வழக்கப்படி பரிமாறச் சொன்னால் அதைவிட உயர்ந்த விருந்து வேறு எது? கல்யாணம் இல்லாத நாட்களில் அவர்களுக்கும் வேலை கிடைக்கும்.

உங்களிடம் ஒரு கோரிக்கை. மேட்டூர் அணை நீர்மட்டத்தைத் தினமும் போடுகிறீர்கள். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் அதற்குப் பக்கத்திலேயே, அந்த வாரம் டெல்டாவில் எந்த ஊரில் திருவிழா, எங்கே கபடி, எந்தக் கோயில் நடை எப்போது திறக்கும் என்று சின்னக் கட்டமாகப் போடுங்கள். நான் வண்டி நிறுத்துகிற ஆறு ஓட்டல்களின் வரவேற்பு மேஜையிலும் அதை வெட்டிக் கொண்டுபோய் ஒட்டுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சுற்றுலா கார் ஓட்டுநர் ஒருவர்,
கண்டியூர், தஞ்சாவூர் மாவட்டம்.