குற்றச்சாட்டில் விட்டுப்போன 302

அன்புள்ள முருகேசா,

இரண்டு மாதமாகப் பதில் போடாத கோபத்தை நேரில் தீர்த்துக்கொள். அக்காவுக்கு முழங்கால் வலி தேவலையா?

உன் கொலை வழக்கின் அப்பீல் கிரவுண்ட்ஸை (மேல்முறையீட்டுக் காரணங்களை) நேற்று ராத்திரியே படித்துவிட்டேன். ‘இரண்டாம் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) மீது 302 (கொலை) குற்றச்சாட்டு தனியாக வனையப்படவில்லை, 149-உடன் (சட்டவிரோதக் கூட்டத்தில் இருந்ததற்கான கூட்டுப் பொறுப்பு) சேர்த்துத்தான் வனைந்தார்கள், மற்றவர்களில் மூவர் விடுதலையானதால் தண்டனை செல்லாது’ என்பதை முதல் கிரவுண்டாகப் போட்டிருக்கிறாய். அதைக் கீழே தள்ளு. தனிக் குற்றச்சாட்டு இல்லாமல் 302-இல் தண்டிக்க முடியாது என்ற உச்ச நீதிமன்றத்தின் நானக் சந்த் தீர்ப்பை இன்னும் எத்தனை வருஷம் பிடித்துத் தொங்குவாய்? அதே 1955-இல், அக்டோபர் 31 அன்று, வில்லி ஸ்லேனி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிட்டார்கள். பிரிவு விட்டுப்போனது மட்டும் போதாது, அதனால் நீதி பிறழ்ந்தது என்று காட்ட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 464-ம் அதைத்தான் சொல்கிறது. புதிய சட்டத்தில் 510.

எனவே பிரிவு எண்ணை விட்டுவிட்டுக் குற்றச்சாட்டின் வாசகத்தைப் படி. ‘இரண்டாம் எதிரி அரிவாளால் தலையில் வெட்ட’ என்று அதிலேயே இருந்தால், நம் ஆளுக்கு விஷயம் தெரிந்தே இருந்திருக்கிறது. வாதம் அங்கேயே முடிந்தது. ‘எதிரிகள் அனைவரும் ஆயுதங்களால் தாக்கி’ என்று மொத்தமாக எழுதியிருந்தால்தான் உனக்கு வழி. அப்போது மூன்றைப் பார். தலைவெட்டை இவன்மேல் அ.சா.1 (அரசுத் தரப்பு முதல் சாட்சி) போலீஸ் வாக்குமூலத்திலேயே சொன்னாரா, கூண்டில் ஏறித்தான் சொன்னாரா? சாட்சியம் முடிந்ததும் நீதிபதி எதிரியிடம் கேட்கும் 313 கேள்வியில் அந்த வெட்டை இவனிடம் குறிப்பாகக் கேட்டார்களா? எந்தக் காயத்தால் சாவு என்று டாக்டர் சொன்னார்? மூன்றும் சாதகமென்றால், எந்தக் குறுக்கு விசாரணை இதனால் கை நழுவியது என்று பக்க எண்ணோடு எழுது. விசாரணையில் ஏன் ஆட்சேபிக்கவில்லை என்று பெஞ்ச் கட்டாயம் கேட்கும், ஆட்சேபத்தை முன்பே எழுப்பியிருக்கலாமா என்று பார்க்கச் சொல்லும் 465(2) இருக்கிறது. அதற்கும் பதில் வை.

ஒன்றை மட்டும் யோசி. இந்த வாதம் ஜெயித்தால்கூட விடுதலை நிச்சயமில்லை. குற்றச்சாட்டைத் திருத்திப் புது விசாரணைக்கு அனுப்பலாம். நானக் சந்தே மறுவிசாரணைக்குத்தான் போனார். உள்ளே கிடப்பவனுக்கு அது இன்னும் சில வருஷம்.

ஸ்லேனியைக் காப்பாற்றியது குற்றச்சாட்டு வாதமில்லை. ஹாக்கி மட்டையால் ஒரே அடி, அடிபட்டவர் பத்து நாள் கழித்து இறந்தார். 302 போய் 304 இரண்டாம் பகுதி (கொலையாகாத மரணம் விளைவித்தல்), ஐந்து வருஷம். உன் வழக்கிலும் தலையில் ஒரே வெட்டுத்தானே? அதை முதல் கிரவுண்டாக்கு.

கெடு 60 நாள். நகலுக்கு ஆன நாட்களைக் கழித்துக் கணக்குப் போடு. பிரேதப் பரிசோதனைச் சான்றையும் 313 பதில்களையும் நாளைக்கே அனுப்பு. இங்கே உட்கார்ந்து குறித்துத் தருகிறேன்.

அன்புடன்,
சேகர்