சோளகத்துக்கு முகம் கொடுக்கிறவனின் கடிதம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் முல்லைத்தீவுக் கரையில் விடியப்புறம் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி, வட்டுவாகல் பாலம் தாண்டிப் புதுக்குடியிருப்புப் பக்கமும், சில நாட்களில் முள்ளியவளை, ஒட்டுசுட்டான் பக்கமும் கொண்டுபோய் விற்கிறவன். எழுதுவது உங்கள் ஞாயிறு பேப்பரின் மகளிர் பக்கத்தைப் பற்றி. மீன்காரனுக்கு மகளிர் பக்கத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வீட்டில் முன்பக்கத்துக்கும் விளையாட்டுப் பக்கத்துக்கும் பெடியள் அடிபடுவார்கள், இதை மட்டும் ஒருவரும் கேட்பதில்லை, அதனால் என் தேத்தண்ணியோடு எனக்கு மிஞ்சுவது எப்போதும் இந்தப் பக்கம்தான்.

போன கிழமை அதில் வறண்ட முகத்துக்கு அரைப்பக்கக் குறிப்பு ஒன்று வந்தது. பனிக்காலத்தில் அறைக்குள் ஹீட்டர் ஓடும்போது முகத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தொடங்கி, எலுமிச்சைச் சாற்றில் சீனி போட்டுத் தேய்ப்பது, ஒலிவ் எண்ணெய் பூசுவது, நாளைக்கு எட்டுத் தம்ளர் தண்ணீர் குடிப்பது என்று முடிந்தது. எங்கள் வீட்டில் ஹீட்டர் என்றால் வாளிக்குள் போட்டுத் தண்ணீர் சூடாக்குகிற சுருள்தான். எலுமிச்சை என்று எழுதியிருந்ததிலேயே இது எங்கேயோ இருந்து அப்படியே எடுத்துப் போட்டது என்று விளங்கிவிட்டது. தேசிக்காய் என்று மாற்றிப் போடக்கூடவா அங்கே ஆள் இல்லை?

வன்னியில் முகம் காய்வது பனியால் இல்லை ஐயா, சோளகத்தால். வைகாசியில் கிளம்பி புரட்டாதி மட்டும் அடிக்கிற காற்று. கொழும்புக்கும் மலைநாட்டுக்கும் அது மழைக்காற்று, ஈரத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு எங்களிடம் வந்து சேரும்போது சூடும் புழுதியும்தான் மிச்சம். கயிற்றில் போட்ட சேலை தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் மொறுமொறு என்று காய்ந்துவிடும், அந்தக் காற்று முகத்தை மட்டும் விட்டுவைக்குமா? நந்திக்கடல் களப்பு வற்றி ஓரமெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கிற நாட்களில் அந்த வட்டுவாகல் பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஓடிப் பாருங்கள். உதட்டை நக்கினால் கருவாட்டை நக்கின மாதிரி இருக்கும்.

எனக்கு 54 வயது. இந்த முகத்தைப் பற்றி 51 வயது மட்டும் நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஆடி மாதம், முள்ளியவளையில் வழக்கமாக என்னிடம் மீன் வாங்குகிற அம்மா ஒருவர் சூடையைக் கையில் எடுத்துப் பார்த்தவர், அப்படியே என் முகத்தையும் பார்த்துவிட்டு, "தம்பி, செதில் மீனிலயோ உன்னிலயோ?" என்று கேட்டார். சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வாயோரம் வெடித்து இரத்தம் கசிந்தது. திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிளை ஒரு மருதமர நிழலில் நிறுத்தி அதன் கண்ணாடியில் பார்த்தேன். கன்னத்திலும் நாடியிலும் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்து நின்றது, விரலால் தட்டினால் சேட்டில் உதிர்ந்தது. கண்ணுக்குக் கீழே வற்றின குளத்துச் சேறு மாதிரி சின்னச் சின்ன வெடிப்புகள்.

அதற்குப் பிறகு நான் செய்த விசர் வேலைகளைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதல் விசர் வேலை, கழுவினது. காய்ந்த முகம் ஊத்தை முகம் என்று நினைத்து, மீன் மணமும் போகட்டும் என்று, உடம்புக்குப் போடுகிற அதே சவர்க்காரத்தால் நாளைக்கு நாலு தரம் தேய்த்தேன். எங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீர், கேத்தலின் அடியில் சுண்ணாம்பு பூசின மாதிரிப் படியும். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, நுரைக்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் போடுவோம், தண்ணீரில் இருக்கிற கல்சியமும் சவர்க்காரமும் சேர்ந்து ஒரு பசையாகித் தோலிலேயே ஒட்டிக் கிடக்கும். அப்புறம் சலூன். ஷேவ் எடுத்து முடிய அந்தத் தம்பி சீனாக்காரக் கட்டியை நனைத்து முகம் முழுக்க இழுப்பான், அதற்கு மேலே ஸ்பிரிட் மணக்கிற லோஷன் ஒன்றை இரண்டு கையாலும் அறைவான். "சுள்ளெண்டு இருந்தாத்தான் அண்ணை கிருமி சாகும்" என்பான். கிருமி செத்ததோ இல்லையோ, சீனாக்காரம் தோலைச் சுருக்கும், ஸ்பிரிட் இருக்கிற ஈரத்தையும் கொண்டுபோகும். இரண்டையும் நான் காசு கொடுத்து வாங்கினேன்.

இரண்டாவது, டியூப். ஒரு கடையில் (எந்தக் கடை என்று எழுதமாட்டேன், நாளைக்கும் அந்த வழியால்தான் போக வேண்டும்) டொக்டரின் துண்டும் கேட்காமல் சின்னக் கிறீம் டியூப் ஒன்றைத் தந்தார்கள். மூன்றாம் நாளே முகம் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. மனுசி திரும்பித் திரும்பிப் பார்த்தாள் என்றால் பாருங்கள். இரண்டு மாதம் விடாமல் பூசினேன். விட்ட நாலாம் நாள் முகம் செவ்வரத்தம்பூ மாதிரி சிவந்து, வெயிலில் நிற்க முடியாமல் எரிந்தது. திரும்பப் பூசினால் அடங்கும், விட்டால் வரும். கள்ளுக்குப் பழகினவனின் கதைதான்.

கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் என் மகள் வயதுப் பிள்ளை. டியூப்பைத் திருப்பி அதன் பேரை வாசித்தார்: குளோபெட்டசோல். ஸ்டீரொயிட் கிறீம்களிலேயே பலம் கூடின வகை, டொக்டர் சொல்லாமல் முகத்தில் வைக்கவே கூடாதாம். தோலை மெல்லியதாக்கும், இரத்தக் குழாய்கள் சிவப்பாகத் தெரியத் தொடங்கும், பரு வரும், விடும்போது இப்படித்தான் பற்றிக்கொண்டு எரியும். அது சரிவர மாதக்கணக்காகும் என்றார், ஆனது. பிறகு கேட்டார், "ஐயா என்ன தொழில்?" மீன் என்றேன். "அப்ப உங்களுக்கு விளங்கப்படுத்திறது லேசு. மீனில வழுவழுப்பு ஒண்டு இருக்கெல்லே, அதை வழிச்சுக் கழுவிப்போட்டு வெயிலில வைச்சா?" "காஞ்சு போகும், பிள்ளை." "அதைத்தான் நீங்கள் உங்கட முகத்துக்கு நாளைக்கு நாலு தரம் செய்யிறீங்கள்."

எனக்கு அதுவரை விளங்காத விசயம் அந்த ஒரு கேள்வியில் விளங்கியது. மேல்தோலில் காய்ந்த கலங்கள் கிடுகு வேய்ந்த மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றனவாம், இடையில் மெல்லிய கொழுப்பு நின்று உள்ளே இருக்கிற தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. தோல் கொஞ்சம் புளிப்புப் பக்கம், அமில அளவில் (pH) 5 மட்டில் நிற்கும். கட்டிச் சவர்க்காரம் 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். அது ஊத்தையோடு அந்தக் கொழுப்பையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும், சுடுதண்ணீர் என்றால் இன்னும் கெதியாக. கொழுப்புப் போனால் கிடுகு கிளம்பும். அதைத்தான் அந்த அம்மா செதில் என்றார்.

ஆகவே ஐயா, உங்கள் குறிப்பில் உள்ள தேசிக்காயும் சீனியும் எங்கள் முகத்துக்கு வேண்டவே வேண்டாம். கிளம்பி நிற்கிற கிடுகைச் சீனி பிய்க்கும், வெடிப்புக்குள் தேசிப்புளி போனால் என்ன நடக்கும் என்று மீன் முள்ளுக் குத்தின கையோடு தேசிக்காய் பிழிந்த எவரையும் கேளுங்கள். அந்தப் புளி முகத்தில் இருக்க வெயிலில் போனால் தோல் பொங்கிக் கறுப்பு விழுவதும் உண்டு. ஒலிவ் எண்ணெய்க்கு எங்கள் கடைகளில் யானை விலை, அதிலுள்ள ஒலெயிக் அமிலம் தோலின் அந்தக் கொழுப்பை இன்னும் குழப்பிவிடும் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள், அதைவிடச் சூரியகாந்தி எண்ணெய் திறம். தேங்காய் எண்ணெய் பிழை இல்லை, காய்ந்த தோலுக்கு உதவும், ஆனால் பரு வருகிற இளம் பிள்ளைகளின் முகத்தில் துவாரத்தை அடைத்துவிடும். தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும், இந்த வெயிலில் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகம் என்ன பாடுபடும் என்று வவுனியாப் பக்கத்துச் சனத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எட்டுத் தம்ளரும் குடித்துவிட்டு முகத்தைச் சோளகத்துக்குத் திறந்து வைத்தால் ஓட்டை வாளியில் தண்ணீர் மொண்ட கதைதான், ஓட்டையை அடைக்க வேணும்.

அடைப்பதற்கு டொக்டர் சொன்னது வாஸ்லின். நான் நம்பவில்லை, உதட்டுக்குப் பூசுகிற சாமான்தானே என்று கேட்டேன். எண்ணெய் எடுக்கிற கிணறுகளின் கம்பிகளில் ஒட்டியிருந்த மெழுகைத் தொழிலாளிகள் காயத்துக்குப் பூசினதைப் பார்த்து, ஒரு அமெரிக்கர் அதைச் சுத்தம் செய்து 1872 இல் காப்புரிமை எடுத்தாராம். தோலிலிருந்து ஆவியாகிப் போகிற தண்ணீரை மறிப்பதற்கு இன்றைக்கும் அதற்கு மிஞ்சினது இல்லை. விசயம் பூசுகிற நேரத்தில் இருக்கிறது. காய்ந்த முகத்தில் பூசினால் வறட்சியைத்தான் மூடி வைப்பீர்கள். பச்சைத் தண்ணீரில் கழுவி, துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, முகம் ஈரமாக இருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், ஒரு உழுந்தளவு எடுத்து இரண்டு கையிலும் தேய்த்து மெல்லிசாக ஒற்ற வேண்டும். நான் இரவில் பூசுகிறேன், ஏனென்றால் பகலில் பூசிக்கொண்டு புழுதி ரோட்டில் போனால் முகம் புழுதி பிடிக்கிற ஒட்டுப்பலகையாகிவிடும். விடியப் போகும்போது மணம் போடாத, கிளிசரின் சேர்த்த மெல்லிய கிறீம். அம்மா காலத்தில் கிளிசரினைப் பன்னீரில் கலந்து பூசுவார்கள். அது ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் சரி, ஆனால் மேலே ஒரு எண்ணெய்ப் பசை இல்லாமல் இந்தக் காற்றில் கிளிசரினைத் தனியாகப் பூசினால் தோலுக்குள் இருக்கிற ஈரத்தையே இழுத்துவிடும். சவர்க்காரம் பின்னேரம் ஒரு தரம் மட்டும், அதுவும் காரமில்லாதது. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓடுகிறேன், அதற்கு ஐந்து சதமும் செலவில்லை. சலூனில் சீனாக்காரத்துக்குத் தடை போட்டுவிட்டேன், தம்பிக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

இது ஆம்பிளைகளின் கதை. பெண்களின் கதை இன்னும் வேறு. என் மகள் ஆடைத் தொழிற்சாலையில் வேலை, நாள் முழுக்க ஏசிக்குள் இருந்துவிட்டுப் பின்னேரம் பஸ் யன்னலால் சோளகம். தங்கச்சியின் மகள் முகமாலைப் பக்கம் கண்ணிவெடி எடுக்கிற வேலை, முகமூடிக் கண்ணாடிக்குள் வியர்த்து வியர்த்து, அதைத் துடைத்துத் துடைத்தே கன்னம் புண். இவர்களுக்குள் சுற்றுவது பேர் விலாசம் இல்லாத வெள்ளையாக்கும் கிறீம். சிலதில் நான் பூசின மாதிரி ஸ்டீரொயிட் இருக்கும், சிலதில் பாதரசம். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் ஒரு தொழிற்சாலை பாதரசத்தைக் கடலில் விட, அந்த மீனைத் தின்ற சனம் கைகால் இழுத்து, கண்பார்வை போய்ச் செத்தது 1956 இல் வெளியே வந்தது. மீன்காரன் என்றபடியால் இது எனக்கு மறக்காது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013 இல் நாடுகள் செய்த உடன்படிக்கைக்கு அந்த ஊரின் பேரைத்தான் வைத்தார்கள், முகக் கிறீமில் பாதரசம் சேர்ப்பதைத் தடுப்பதும் அதில் அடங்கும். மீனில் வந்தால் பயப்படுகிற சாமானைக் காசு கொடுத்துக் கன்னத்தில் பூசுகிறார்கள். மகளுக்கு இதைச் சொன்னேன். "அப்பா, உங்கட டியூப்?" என்று கேட்டாள். பேசாமல் இருந்தேன்.

இன்னொன்று, இதை நீங்கள் கொட்டை எழுத்தில் போட்டாலும் தகும். முகத்திலோ உடம்பிலோ வெளிறின படை இருந்து, அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் அது வறட்சி இல்லை, கிறீம் பூசி மறைக்கவும் கூடாது. தொழுநோய் இன்னும் எங்கள் நாட்டை விட்டுப் போகவில்லை, ஆனால் குணமாகிற வருத்தம், மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம். சின்னப் பிள்ளைகளின் கன்னத்தில் வருகிற வெளிறின வட்டம் பெரும்பாலும் சாதாரண வறட்சிதான், என்றாலும் ஒருக்கால் காட்டிவிடுவது நல்லது. திடீரென்று முகமும் உடம்பும் சேர்ந்து காயத் தொடங்கினால் சீனி வருத்தத்தையும் தைரொயிட்டையும் சோதிக்கச் சொல்லுவார்கள். மனுசிக்குச் சீனி இருப்பது அப்படித்தான் பிடிபட்டது, அதுவும் என் முகத்துக்காகப் போன அன்று கூட வந்த இடத்தில்.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த வருடம் சித்திரையில், சோளகம் கிளம்பும் முன்னம், எங்கள் பக்கத்துத் தோல் வைத்தியர் ஒருவரைக் கொண்டு, எங்கள் தண்ணீரையும் எங்கள் காற்றையும் எங்கள் கடைகளில் கிடைக்கிற சாமானையும் வைத்து எழுதிப் போடுங்கள். முன்பக்கத்தில் போட வேண்டாம், மகளிர் பக்கத்திலேயே போடுங்கள். எனக்கு மிஞ்சுவது அதுதான்.

இப்படிக்கு,
மீன் வியாபாரி ஒருவர்,
முல்லைத்தீவு.