தங்கச்சி கல்யாணத்த நிறுத்த கூட நின்ன எல்லாருக்கும்

18 ஆவாத தங்கச்சிக்கு அப்பா கல்யாணம் வச்சதும் அது நின்னதும் ஊருக்கே தெரியும், திரும்ப எழுத தெம்பில்ல. தங்கச்சி திங்கக்கெழம யூனிபார்ம் போட்டு பிளஸ் டூ கிளாசுக்கு கெளம்பிட்டா, எங்களுக்கு அது போதும்.

புள்ளைங்க உதவி நம்பர் 1098க்கு யாரு போன் போட்டாங்கன்னு தெரியாது, தெரியவும் வேணாம், அவங்க நல்லாருக்கணும். உடனே வந்த சமூகநலத்துறை மேடம், நர்சம்மா, டீச்சர், அங்கன்வாடியில கூட்டம் போடுற குழு அக்காங்க எல்லாருக்கும் கையெடுத்து கும்புடுறேன்.

முக்கியமா சமையல் மாஸ்டர் அண்ணனுக்கு. கல்யாணம் பண்ண மாட்டேன்னு மேடம் எழுதி வாங்கிட்டு போன பெறகும் அப்பா அடங்கல, மண்டபத்துக்கு குடுத்தாச்சு சமையலுக்கு குடுத்தாச்சு, வேற ஊரு கோயில்ல வச்சி முடிச்சிடுறேன்னு அம்மாகிட்ட கைய ஓங்கிட்டு நின்னாரு. அன்னிக்கு பொழுது சாய மாஸ்டர் அண்ணன் எக்செல் வண்டியில வந்தாரு. வாசல்ல ஆளுங்க நிக்கவும் கொல்லப்பக்கமா சுத்தி வந்து, மளிகை லிஸ்ட் எழுதுன நோட்டுக்குள்ளேருந்து அட்வான்ச எடுத்து அப்பா கையில முழுசா வச்சாரு. "18 ஆவாத புள்ளைக்கு பண்ணி வச்சா கூட நின்னவங்களுக்கும் 2 வருசம் வரைக்கும் ஜெயில், 1 லட்சம் வரைக்கும் அபராதம்னு கூட்டத்துல சொன்னாங்கண்ணே. நான் அதுக்கு பயந்து வரல, எனக்கு மனசு ஒப்பல. புள்ள படிச்சி முடிக்கட்டும், அப்ப கூப்புடுங்க, நானே வந்து அடுப்பு பத்தவைக்கிறேன்"னாரு. ஆடி பூரா வேலையில்லாம ஆவணி முகூர்த்தத்த நம்பி கெடக்குற மனுசன் அவரு. அப்பா பணத்த எண்ணிக்கூட பாக்கல, ரொம்ப நேரம் திண்ணையிலயே உக்காந்திருந்தாரு, காலையில மாப்ள வீட்டுக்கு அவரே போன் பண்ணி வேணாம்னுட்டாரு. கவர்மெண்டுக்கு எறங்காதவரு அந்த ஒத்த ஆளுக்கு எறங்குனாரு.

குழந்தை கல்யாணத்த தடுக்குற சட்டம் 2006லேயே வந்துடுச்சு, ஆனா பொம்பளைங்களயே கூட்டி வச்சி பேசிட்டு இருந்தா எப்புடி நிக்கும், சமையக்காரரு பந்தக்காரரு ஐயரு பத்திரிக அடிக்கிறவருன்னு எல்லாரையும் கூட்டத்துக்கு இழுத்துட்டு வந்தாங்க பாருங்க அந்த அக்காங்க, அது தான் எங்க வீட்ட காப்பாத்துச்சு.

தங்கச்சி கவர்மெண்ட் ஸ்கூல்லயே படிச்சதால காலேஜ் சேந்தா நம்ம மூவலூர் ராமாமிர்தம் அம்மா பேருல உள்ள புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1000 ரூவா வரும், மிச்சத்துக்கு நான் இருக்கேன், அவ டிகிரி முடிக்கிற வரைக்கும் இந்த வீட்டுல கல்யாணப் பேச்சே எடுக்க விடமாட்டேன்.

அடுத்த கூட்டம் வீட்டுல அடி வாங்குறவங்களுக்கு பொம்பளைங்க உதவி நம்பர் 181 பத்தியும் 2005ல வந்த குடும்ப வன்முறை சட்டத்த பத்தியும்னு சொன்னாங்க. குழு அக்காங்களே, எங்க அம்மாவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க, நான் கூட்டிட்டு வர்றேன்.